ரெஸ்வெரட்ரால், எஸ்ஆர்டி1720, ராபமைசின்: எதன் ஆதாரம் நிற்கிறது?

திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளின் கேப்சூல் சென்னையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். ராபமைசின், அதாவது சிரோலிமஸ், கிட்னி மாற்றிக்கொண்டவர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்து. எஸ்ஆர்டி1720 கடைக்கே வரவில்லை. மூன்றுமே ஆயுளைக் கூட்டும் என்று பேசப்பட்டவை. பலன் எவ்வளவு என்பதைவிட அதை எப்படி அளந்தார்கள் என்பதே முதல் கேள்வி.

எஸ்ஆர்டி1720 ஆய்வகத்தில் செய்த செயற்கை மூலக்கூறு. முதுமையோடு தொடர்புள்ளதாகப் பேசப்பட்ட சர்ட்1 என்ற நொதியை ரெஸ்வெரட்ராலைவிட 1000 மடங்கு தூண்டுவதாக 2007இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அதை உருவாக்கிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை மருந்து நிறுவனமான கிளாக்ஸோ 72 கோடி டாலருக்கு வாங்கியது. சோதனையில் பயன்பட்ட புரதத்துண்டில் ஒளிரும் சாயம் ஒட்டியிருந்தது; நொதி வேலை செய்ததா என்பதை அந்த ஒளியை வைத்து அளந்தார்கள். 2010இல் ஃபைசர் ஆய்வாளர்கள் சாயமில்லாத துண்டுகளை வைத்துப் பார்த்தார்கள். தூண்டுதல் காணாமல் போனது. சில இயற்கைத் துண்டுகளில் அது வேலை செய்கிறது என்று 2013இல் ஹார்வர்ட் குழு பதில் சொன்னது. இது அளவுகோல் பற்றிய சண்டை. இதை மோசடி என்று சொல்வது நியாயமில்லை.

மோசடி என்றால் தீபக் தாஸ் விவகாரம். ரெஸ்வெரட்ராலும் இதயமும் பற்றி நிறைய எழுதியவர். கனெக்டிகட் பல்கலைக்கழக விசாரணை 2012இல் 145 இடங்களில் புனைவும் திரிப்பும் இருப்பதாகச் சொன்னது, அவர் மறுத்தார். சிக்கல் வெஸ்டர்ன் பிளாட் படங்களில், அதாவது புரதங்களைக் கறுப்புப் பட்டைகளாகக் காட்டும் ஆய்வகப் படங்களில். அத்தகைய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பட்டைக்குப் பின்னால் இருக்கும் புள்ளிப்புள்ளியான சாம்பல் நிறம் ஓரிடத்தில் நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தால், வேறு படத்திலிருந்து ஒட்டியிருக்கலாம். வெட்டாத மூலப்படத்தைக் கேட்க வேண்டும்.

ரெஸ்வெரட்ராலுக்கு இன்னொரு குறையும் உண்டு. விழுங்கியதில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டாலும் குடலும் கல்லீரலும் உடனே மாற்றிவிடுவதால், ரத்தத்தில் மாறாமல் மிஞ்சுவது மிகச் சொற்பம்.

ராபமைசின் ஆதாரம் வேறு ரகம். 2009இல் வெளியான ஆய்வில் மூன்று ஆய்வகங்கள் ஒரே திட்டப்படி, 600 நாள் வயதான சுண்டெலிகளுக்குக் கொடுத்தன. நூற்றில் 90 எலிகள் இறந்துபோகும் வயது பெண் எலிகளில் 14%, ஆண் எலிகளில் 9% கூடியது. அதே திட்டத்தில் சோதித்த ரெஸ்வெரட்ரால் ஆயுளைக் கூட்டவில்லை. எங்கள் கணக்கில் ராபமைசினே முன்னால் நிற்கிறது, ஆனால் சுண்டெலிக்கு மட்டும். மனிதர்களில் வாய்ப்புண் வரும், கொழுப்பு ஏறும், காயம் ஆற நாளாகும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் டில்டியாசெம் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தத்தில் ராபமைசின் அளவு எகிறும். கிட்னி மாற்றியவர்களுக்கு ரத்தத்தில் அளவு பார்த்துத்தான் டோஸ் வைக்கிறார்கள். ஆயுளுக்காக விழுங்குபவருக்கு அப்படி ஒரு நிர்ணயமான அளவு இல்லை.