அடுப்படிச் சுவரிலிருந்து தெர்மோஸ்டாட்டை நகர்த்தியதில் என்ன மாறியது, என்ன மாறவில்லை

டொராண்டோ பக்கம் எழுபதுகளில் கட்டிய மாடி வீடு வாங்கியவர்கள் பலருக்கு இந்தத் தலைவலி இருக்கும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நல்ல ஃபர்னஸ்தான், காற்று வரும் வென்ட் எல்லாம் சுத்தம்தான், ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மாடியில் பிள்ளைகள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில், அறைச் சூட்டைப் பார்த்து ஃபர்னஸை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருந்தது அடுப்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த சுவரில். அந்தப் பக்கம் ஓவன், இந்தப் பக்கம் தெர்மோஸ்டாட். நாலு பர்னரும் எரிந்து, குக்கர் வைத்து, சப்பாத்தி போட்டு முடிப்பதற்குள் அந்தச் சுவரே வெதுவெதுப்பாகிவிடும். சமைக்கிறவருக்கு வயிறு நிறைந்துவிட்டது என்பதற்காக வீட்டில் எல்லாரும் சாப்பிட்டாயிற்று என்று அடுப்பை அணைப்பது போல, தெர்மோஸ்டாட் 23 டிகிரி என்று கணக்குப் போட்டு ஃபர்னஸை நிறுத்திவிடும். வெளியே மைனஸ் 15.

ஒரு கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு மாடிக்குத் தனி ஸோன், அதாவது மாடிச் சூட்டைத் தனியாகக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு, போட வேண்டும் என்றார். விலையைக் கேட்டதும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இருந்தது ஹனிவெல் கம்பெனியின் பழைய வட்டத் தெர்மோஸ்டாட். 1953இல் வந்த வடிவம், ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்தது, அழகான பொருள்தான், மறுக்க மாட்டேன். ஆனால் உள்ளே கண்ணாடிக் குமிழில் பாதரசம். குமிழ் சாயும்போது பாதரசம் ஓடி இரண்டு கம்பிகளைச் சேர்க்கும், அதுதான் ஸ்விட்ச். அதனால்தான் அதை மட்டம் பார்த்து மாட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் குப்பையில் போடாதீர்கள், அபாயக் கழிவு வாங்கும் நகராட்சி மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

இடம் தேடுவதற்குத்தான் நிறைய யோசித்தேன். வெளிச்சுவர் கூடாது, ஏனென்றால் அது எப்போதும் குளிர்ந்தே இருக்கும். வெயில் விழும் சுவர் கூடாது. வாசல் கதவுக்கு நேராகக் கூடாது, சூடான காற்று வரும் வென்ட்டுக்கு மேலேயும் கூடாது, டிவி, விளக்கு பக்கத்திலும் கூடாது. தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரம், வீட்டில் ஆட்கள் உண்மையில் புழங்குகிற அறைக்குப் பக்கத்தில் ஓர் உட்சுவர். இதையெல்லாம் கழித்துக்கொண்டே வந்தால் கீழ்த்தளத்தில் மிஞ்சுவது இரண்டு சுவர்தான். அதில் ஒன்று தட்டினால் தகரச் சத்தம் கேட்டது. உள்ளே ஸ்டட்டுகளுக்கு (சுவரைத் தாங்கும் நிமிர்ந்த மரச்சட்டங்களுக்கு) நடுவே உள்ள இடத்தையே ஃபர்னஸுக்குத் திரும்பிப் போகும் காற்றுக்கான குழாயாக்கியிருந்தார்கள். பழைய வீடுகளில் இது சகஜம், அதற்குள் வயர் விடக் கூடாது. ஆக, மிச்சமிருந்த ஹால் சுவர்.

பழைய வயரையே நீட்டிவிடலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். நீட்டலாம், 24 வோல்ட் தானே. ஆனால் அதில் இருந்தது நாலே இழை: மின்சாரம் வரும் ஆர், ஹீட்டிங்குக்கு டபிள்யூ, ஏசிக்கு ஒய், ஃபேனுக்கு ஜி. மின்சாரம் திரும்பிப் போகும் சி என்ற பொது இழை இல்லை. வட்ட ஹனிவெல்லுக்கு அது தேவைப்படவில்லை, வைஃபை உள்ள புதிய தெர்மோஸ்டாட்டுக்குத் தேவை. சி இல்லாவிட்டால் சில மாடல்கள் மற்ற இழைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அது சில ஃபர்னஸுகளுக்கு ஒத்துப்போகும், சிலதற்கு ஒத்துப்போகாது. மேலும் பழைய இடத்தில் ஒரு ஜாயின்ட் போட்டு அதைச் சுவருக்குள் புதைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் டிரைவால் சுவர்ப் பலகையை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் பேஸ்மென்ட்டில் ஃபர்னஸிலிருந்து நேராகப் புதிய கேபிள், 18 கேஜ் தடிமன், எட்டு இழை. ஐந்து இழை போதும்தான், ஆனால் எட்டுக்கும் ஐந்துக்கும் விலையில் பெரிய தூரமில்லை, சுவரில் ஓட்டை போடுகிற வேலை ஒரு தடவைதான்.

கேபிள் இழுத்தது நானும் மனைவியும். முதலில் மெயின் பேனலில் ஃபர்னஸ் பிரேக்கரையும், ஃபர்னஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்விட்சையும் அணைத்தோம். பேஸ்மென்ட்டில் நின்றுகொண்டு மேலே எந்தச் சுவர் எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நிஜமான வேலை, மற்றதெல்லாம் சும்மா. தரைக்குக் கீழே தெரிகிற ஒரு பொது அடையாளம் வேண்டும். எங்களுக்கு அது தரையில் இருந்த வென்ட். அதிலிருந்து மேலேயும் கீழேயும் அளந்து, சுவரின் அடிக்கட்டைக்குள் கீழிருந்து துளை போட்டேன். பக்கத்தில் 120 வோல்ட் வயர் ஏதும் போகிறதா என்று பார்க்காமல் துளைபோடும் கருவியைத் தொட வேண்டாம். மேலே ஒரு சின்ன ஓட்டையில் அவள் கொக்கியோடு காத்திருந்தாள், நான் கீழிருந்து கேபிளைத் தள்ளினேன். "வந்துடுச்சு, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று சத்தம் வரும்வரை கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஃபர்னஸ் முனையை நான் தொடவில்லை. ஒன்டாரியோவில் கேஸ் சம்பந்தப்பட்ட வேலைக்கு டி.எஸ்.எஸ்.ஏ. என்ற மாகாணப் பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் உள்ளவர்தான் வர வேண்டும். ஃபர்னஸின் கட்டுப்பாட்டு போர்டில் சில வயர் மாட்டுவது கேஸ் வேலை இல்லைதான், ஆனாலும் வருடாந்திர சர்வீஸுக்கு எப்படியும் ஆள் வருவதால் அவரிடமே விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் மூத்தவர். நான் சிவப்பு ஆர், வெள்ளை டபிள்யூ என்று பட்டியல் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, நிறத்தை நம்பாதைங்கோ. எந்த எழுத்தில மாட்டியிருக்கு எண்டு பாருங்கோ. முந்தி வந்தவன் தன்ர கையில என்ன கிடைச்சுதோ அதைத்தான் மாட்டியிருப்பான்." அப்படித்தான் இருந்தது. எங்கள் பழைய கேபிளில் ஏசியை ஓட்டியது நீல இழை, வழக்கமாக சி-க்குப் போகும் நிறம். நிறத்தை நம்பி மாட்டியிருந்தால் தெர்மோஸ்டாட்டின் சி ஏசி இணைப்பில் போய் நின்றிருக்கும்.

இன்னொன்றும் அவர் காட்டினார். போர்டில் ஒய் முனையில் இரண்டு வயர் இருக்கும், தெர்மோஸ்டாட்டுக்கு சி இழை உள்ள வீட்டில் சி முனையிலும் அப்படியே. ஒன்று தெர்மோஸ்டாட்டிலிருந்து வருவது, மற்றது வெளியே இருக்கும் ஏசிக்குப் போவது. பழைய வயரைக் கழற்றும் வேகத்தில் இரண்டாவதையும் கழற்றிவிட்டால் ஜூன் மாதம்தான் தெரியவரும். ஆரும் சியும் ஒரு நொடி உரசினாலும் போர்டில் உள்ள சின்ன ஃப்யூஸ் போய்விடும். காரில் இருக்குமே அதே தகட்டு ஃப்யூஸ்தான், பெரும்பாலும் 3 அல்லது 5 ஆம்பியர். கடைசியில் மீட்டரை வைத்து ஆருக்கும் சிக்கும் நடுவே 27 வோல்ட் காட்டியதும் மூடினார்.

இதை எல்லார் வீட்டுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். சுவரோரம் மின்சார பேஸ்போர்டு ஹீட்டர் உள்ள வீடுகளில் தெர்மோஸ்டாட்டுக்கே நேராக 240 வோல்ட் வரலாம், தடித்த வயராக இருக்கும். அங்கே இந்தக் கதை எதுவும் செல்லாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி, பலன் என்ன? சமையல் நேரத்துக் குளிர் அன்றோடு போனது. அதற்கப்புறம் வந்த ஒரு குளிர்காலத்திலும் அந்தப் பேச்சு எழவில்லை. பிரியாணிக்கு ஓவன் இரண்டு மணி நேரம் எரிந்தாலும் ஃபர்னஸ் தன் போக்கில் ஓடுகிறது. ஆனால் முதல் மாதத்தில் ஒரு வினோதம்: யாரும் ஒன்றும் செய்யாதபோதே தெர்மோஸ்டாட் இரண்டு டிகிரி குறைவாகக் காட்டியது. காரணம் பின்னால் இருந்த ஓட்டை. பேஸ்மென்ட்டுக் காற்று அடிக்கட்டைத் துளை வழியாகச் சுவருக்குள் ஏறி நேராக சென்சார் மேல் வந்துகொண்டிருந்தது. ஓட்டையைச் சுற்றிக் களிமண் மாதிரி இருக்கும் சீலன்ட்டை அமுக்கி, கீழே இருந்த துளையையும் அடைத்ததும் சரியானது. பலர் தெர்மோஸ்டாட்டையே குறை சொல்லித் திருப்பிக் கொடுப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

கேஸ் பில்லில் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. குறையும் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள், முன்பு பாதி மாலை நின்றே கிடந்த ஃபர்னஸ் இப்போது ஒழுங்காக ஓடுகிறது, அவ்வளவுதான். மாடி இன்னும் கோடையில் கீழ்த்தளத்தைவிடச் சூடுதான். அது காற்றுக் குழாய்களின் கணக்கு, தெர்மோஸ்டாட்டை எந்தச் சுவரில் மாட்டினாலும் தீராது. ஃபேனை மணிக்குச் சில நிமிடம் சும்மா ஓடவிடும் வசதி கொஞ்சம் உதவுகிறது.

உங்கள் தெர்மோஸ்டாட் ஏற்கெனவே தனி அறை சென்சாரை ஏற்கும் வகை என்றால், சுவரைத் தொடும் முன் ஒரு சென்சார் வாங்கி ஹாலில் வைத்து ஒரு மாதம் பாருங்கள். பேட்டரி மாற்றுவது ஒன்றுதான் தொல்லை. பேட்டரி தீர்ந்த அன்று தெர்மோஸ்டாட் மறுபடியும் அடுப்படிச் சுவரின் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கலாம்.

பழைய இடத்தில் இப்போது ஒரு வெள்ளை மூடித் தகடு. உள்ளே பழைய வயர் இரண்டு முனையிலும் கழற்றி, டேப் சுற்றி அப்படியே கிடக்கிறது. புதிய கேபிளில் மூன்று இழை சும்மா சுருண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு ஹீட் பம்ப் போடுகிற யோசனை உண்டு, போட்டால் குளிரூட்டுவதா சூடாக்குவதா என்று சொல்லும் ஓ/பி முனைக்கு அதில் ஒன்று போகும்.