பிஎஸ்பியில் கார் ஓட்ட: ரிட்ஜ் ரேசரா, கிரான் டூரிஸ்மோவா?

சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பி பழையது ஒன்று கைக்கு வந்து, கார் ரேஸ் கேம் எது போடலாம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ரிட்ஜ் ரேசர் என்றுதான் சொல்வேன். கிரான் டூரிஸ்மோ மேல் எனக்கு வெறுப்பெல்லாம் இல்லை. டிவியில் மாட்டி ஆடும் பிஎஸ்2 கன்சோலில் அதன் 4-ஆம் பாகத்தை ராத்திரி ராத்திரியாக ஆடியவன் நான், அந்தப் பிரியத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

முதலில் பட்டனைப் பாருங்கள், எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பிஎஸ்2 கன்ட்ரோலரில் எக்ஸ் பட்டனை லேசாக அழுத்தினால் பாதி ஆக்சிலரேட்டர், முழுக்க அழுத்தினால் முழு வேகம். பிஎஸ்பியில் அது கிடையாது, அழுத்தினால் முழுசு, விட்டால் ஒன்றுமில்லை. கிரான் டூரிஸ்மோவோ வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை அளந்து அளந்து கொடுக்கச் சொல்லும் கேம். அதனால் பட்டனைத் தட்டித் தட்டித்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்குக்கும் அந்தச் சின்ன வட்டக் குமிழ்தான், அரை மணி நேரத்தில் இடது கட்டைவிரல் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

ரிட்ஜ் ரேசருக்குப் பாதி ஆக்சிலரேட்டரே தேவையில்லை. வளைவு வரும்போது ஆக்சிலரேட்டரை விடு, திருப்பு, மறுபடி அழுத்து. கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும், அப்படி டிரிஃப்ட் அடிக்க அடிக்க நைட்ரோ, அதாவது காரைச் சட்டென்று சீற வைக்கும் கூடுதல் வேகம், நிரம்பும், நேர்ச்சாலை வந்ததும் அதைத் திறந்துவிடலாம். அந்தக் கருவியில் இருக்கும் பட்டன்களுக்கு என்றே செய்த ஓட்டம் இது. 2004 டிசம்பரில் ஜப்பானில் பிஎஸ்பி வந்த அதே நாளில் வந்த கேம், இன்றைக்கு ஆடினாலும் நொடிக்கு 60 ஃபிரேமில், அதாவது திரையில் நொடிக்கு 60 படங்களாக, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

கிரான் டூரிஸ்மோவும் 60 ஃபிரேம்தான், அதில் குறையே சொல்ல முடியாது. 2004-இலேயே அறிவித்துவிட்டு, 2009 அக்டோபரில்தான் கையில் கொடுத்தார்கள். 800-க்கும் மேல் கார்கள், 35 ட்ராக்குகள். அவ்வளவு கார்களைச் சேர்த்து என்ன செய்வது என்று கேட்டால்தான் சிக்கல். பெரிய கன்சோலில் இருந்த போட்டித் தொடர், படிப்படியாக மேலே ஏறும் பயணம் எதுவுமே இதில் இல்லை. ட்ராக்கைத் தேர்ந்தெடு, ஓட்டு, காசு வாங்கு, கார் வாங்கு, அவ்வளவுதான். கார் கடைகளும் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்காது, கேமின் நாட்கள் நகர நகர மாறிக்கொண்டே இருக்கும், ஆசைப்பட்ட கம்பெனி வரும்வரை காத்திருக்க வேண்டும். ரேஸில் மொத்தமே 4 கார்கள். பின்னால் யாரோ துரத்துகிறார்கள் என்ற படபடப்பு வரவே வராது, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

நண்பர்களோடு ஆடுவதிலும் ரிட்ஜ் ரேசர்தான் முன்னால். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து 8 பேர் வரை ஆடலாம், கிரான் டூரிஸ்மோவில் 4 பேர்தான். ஆனால் சேர்த்து வைத்த கார்களை நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம் என்பது அதில் உண்மையிலேயே நல்ல விஷயம்.

இடித்துத் தள்ளுவதுதான் சந்தோஷம் என்பவர்களுக்கு 2005-இல் வந்த பர்ன்அவுட் லெஜெண்ட்ஸ் இருக்கிறது, எதிரி காரைச் சுவரில் அழுத்தி நொறுக்கினால் பரிசு. கொஞ்ச நேரம் ஆட அருமை, ஆனால் ஓட்டும் சுகம் என்று பார்த்தால் ரிட்ஜ் ரேசர் பக்கத்தில் நிற்காது.

அப்போ கிரான் டூரிஸ்மோ யாருக்கு? நிஜக் கார்களைப் பெயர் சொல்லி நேசிப்பவர்களுக்கு. ரிட்ஜ் ரேசர் கார்கள் எல்லாமே கற்பனை, நம் தெருவில் பார்த்த கார் ஒன்றுகூட அதில் கிடைக்காது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று, 20 கிலோமீட்டருக்கும் மேல், உள்ளங்கையில் கிடைக்கிறது என்பதற்காகவே நானும் அந்த டிஸ்க்கை இன்னும் வைத்திருக்கிறேன். சாதாரண காரில் ஒரு சுற்றுக்கு எட்டு, ஒன்பது நிமிடம் பிடிக்கும், பாதியில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டி வந்தால் பவர் சுவிட்சை ஒரு தரம் தள்ளித் தூங்க வைத்துவிடுங்கள், வீட்டுக்குப் போய் அதே வளைவிலிருந்து தொடரலாம்.