அடிமனை, பட்டா மனை, அறக்கட்டளை மனை: விற்கும்போது தெரியும் வித்தியாசம்

செவ்வாய்பேட்டையில் நான் பிறந்து வளர்ந்த வீட்டின் சுவர் எங்களுடையது, மண் கோயிலுடையது. கொலுசுப் பட்டறையிலிருந்து வந்ததும் அப்பா அடிமனை வாடகை ரசீதை ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியில் குத்தி வைப்பார். 2012-ல் நான் அந்த வீட்டை விட்டு ஆட்டையாம்பட்டி பக்கம் இரண்டு சென்ட் பட்டா மனை வாங்கிக் கட்டிக்கொண்டேன். தங்கச்சி இன்னமும் பழைய வீட்டில்தான் இருக்கிறாள். அவள் மகனுக்கு இப்போது கல்யாண வயது. "மாமா, எது நல்லது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தண்ணி, பஸ், பட்டறைக்குப் போகும் தூரம் என்று பார்த்தால் அடிமனைதான் ஜெயிக்கும். அதில் பேச ஒன்றுமில்லை. ஊரின் நடுவில் அந்த வாடகைக்கு இடம் எங்கே கிடைக்கும்? நிம்மதி என்று பார்த்தால் பட்டா. ராத்திரி தூக்கம் வரும், வங்கியில் கடனும் கிடைக்கும்.

மூன்றாவது வழி, சமூக நில அறக்கட்டளை. சேலத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை, குடியிருந்ததும் இல்லை. படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன். மண் அறக்கட்டளையின் பேரில் இருக்கும், அதை விற்கவே மாட்டார்கள். கட்டடத்தை மட்டும் நீங்கள் வாங்குகிறீர்கள். மண்ணுக்கு 99 வருஷக் குத்தகை, மாதம் ஒரு சின்னத் தொகை. உங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகும். நிர்வாகக் குழுவில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு குடியிருப்பவர்கள், ஒரு பங்கு சுற்று வட்டாரத்தார், ஒரு பங்கு பொதுநல ஆட்கள்.

1969-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய 'நியூ கம்யூனிட்டீஸ்' பண்ணையைத்தான் இதற்கு முன்னோடி என்கிறார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்வான் மனதில் இருந்த மாதிரிகளில் ஒன்று நம் வினோபா பாவேயின் கிராமதானம். நிலம் கிராம சபையின் பேரில், உழுவது குடும்பம். நம் ஊர்ச் சரக்குதான், கப்பலேறிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பண்ணை வறட்சியிலும் கடனிலும் சிக்கி 1985-ல் கைவிட்டுப் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறக்கட்டளை என்று பேர் வைத்துவிட்டால் மட்டும் நிலம் நிலைத்துவிடாது.

சரி, எது நல்லது? என்னைக் கேட்டால், வீட்டை விற்கப் போகும் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

கட்டடம் பழசாகப் பழசாக மதிப்பு குறையும், மண்ணுக்கு ஏறும். ஏறுகிற அந்தப் பணம் யாருக்கு என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. அடிமனையில் ஏற்றம் உங்கள் தலையில் விழும். அறநிலையச் சட்டப்படி சந்தை நிலவரத்தைப் பார்த்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வாடகையைத் திருத்துவார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகை என்றால் ஆணையர் அனுமதி வேண்டும். பக்கத்தில் ஒரு ஜவுளி மாளிகை வந்தால் உங்கள் வாடகையும் கூடும். விற்கப் போனாலோ சுவரைத்தான் விற்கலாம், புதியவர் பேருக்கு வாடகையை மாற்றக் கோயில் சம்மதிக்க வேண்டும். அதனால்தான் தங்கச்சி வீட்டில் இன்னமும் ஓடு. யாரும் துணிந்து கான்கிரீட் போடுவதில்லை.

பட்டா மனையில் ஏற்றம் முழுக்க உங்களுக்கே. நல்லதுதான். ஆனால் என் தெருவில் கடைசியாக விற்ற மூன்று மனைகளில் ஒன்றைக்கூடக் கொலுசு வேலைக்காரர் வாங்கவில்லை. முதலீட்டுக்காக வாங்கி, கல்தூண் நட்டு, முள்கம்பி இழுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே சீமைக்கருவேல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. நான் வாங்கிய விலைக்கு என் மருமகனால் இன்று அங்கே அரை சென்ட்கூட வாங்க முடியாது.

அறக்கட்டளையில் அந்த ஏற்றத்தைப் பங்கு போடுகிறார்கள். வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 1984-ல் தொடங்கிய அறக்கட்டளை (இப்போது சாம்ப்ளேன் ஹவுசிங் டிரஸ்ட்) வைத்திருக்கும் விதி: ஏறிய மதிப்பில் கால் பங்கு விற்பவருக்கு. நம் கணக்கில் சொன்னால், 8 லட்சத்துக்கு வாங்கிய வீடு 12 லட்சம் ஆகிறது. ஏறிய 4 லட்சத்தில் 1 லட்சம் உங்களுக்கு. நீங்கள் போட்ட பணமும் கைக்கு வரும். அடுத்து வரும் குடும்பம் 12 கொடுக்க வேண்டாம், ஏறக்குறைய 9 லட்சத்தில் குடியேறிவிடலாம். லண்டனில் இன்னொரு விதம்: அந்த வட்டாரத்து ஆட்கள் என்ன சம்பாதிக்கிறார்களோ அதை வைத்துத்தான் வீட்டு விலை. இரண்டு முறையிலும் ஒரு தடவை கொடுத்த சலுகை முதல் குடும்பத்தோடு தீர்ந்துபோவதில்லை. வாரக் கூலிக்காரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஊருக்குள்ளேயே இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு இடத்தில் மட்டும் தயங்குகிறேன். மகளின் நர்சிங் படிப்புக்கு நான் இந்த மனைப் பத்திரத்தைத்தான் அடமானம் வைத்தேன். அறக்கட்டளை வீடாக இருந்தால் மண்ணை வைத்துக் கடன் எழுப்பியிருக்க முடியாது, சுவருக்கு எவ்வளவு கொடுப்பார்களோ அவ்வளவுதான். ஏழைக்கு மண் என்பது குடியிருக்க மட்டும் இல்லை, ஆபத்துக்கு விற்கவும்தான். கால் பங்கு ஏற்றத்தில் அந்த ஆபத்தைச் சமாளிக்க முடியுமா என்றால், எல்லாக் குடும்பத்துக்கும் முடியும் என்று என்னால் சொல்ல முடியாது.

மருமகனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். குடியிருப்பவர்களே குழுவில் இருப்பார்கள் என்றதும் நிமிர்ந்தார்.

"ஏஞ்சாமி, அப்ப நாமளேதான் தர்மகர்த்தாவா?"

"மூணுல ஒரு பங்கும்மா."

"செரி. வாடகை பாக்கி நின்னா, நோட்டீசையும் நாமளே எழுதி நம்ம கதவுல ஒட்டிக்கோணுமா?"