ஜாலி ஃபோனிக்ஸ்: எழுத்துக் கூட்டப் பக்கா, அர்த்தத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும்

1992-இல் இங்கிலாந்தில் வெளிவந்து இன்றும் புழக்கத்தில் இருக்கும் ஆங்கில வாசிப்புத் தொகுப்பு இது. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கானது. அகரவரிசையில் போகாமல், 42 ஒலிகளை ஏழு தொகுதிகளாகப் பிரித்துச் சொல்லித் தருகிறது.

வரிசையை நன்றாக யோசித்துப் போட்டிருக்கிறார்கள். முதல் தொகுதி எஸ், ஏ, டி, ஐ, பி, என் ('டின்'னில் வரும் டி, 'பின்'னில் வரும் பி). இந்த ஆறு எழுத்தை வைத்தே சிட், பின், டிப், ஸ்பின் என்று ஒரு டஜனுக்கு மேல் சொற்கள் தேறும். வயிறு இடப்பக்கம் இருக்கும் டி இரண்டாம் தொகுதியில், வலப்பக்கம் இருக்கும் பி மூன்றாம் தொகுதியில். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துக் குழப்பவில்லை. ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு சைகை உண்டு: எஸ் என்றால் கை பாம்பாக நெளியும், 'டின்'னில் வரும் டி என்றால் டென்னிஸ் பார்ப்பதுபோல் தலை இருபுறமும் திரும்பும். ஒலி மனதில் பதிந்ததும் சைகையை விட்டுவிடலாம். அது தேர்வுக்குரிய பாடம் இல்லை.

தமிழ் வீடுகளில் சறுக்குவது உச்சரிப்பில்தான். மெய்யெழுத்தை 'இக், இங், இச்' என்று சொல்லிப் பழகிய நாக்கு, இங்கேயும் 'இஸ்', 'இட்' என்று முன்னால் ஒரு இகரத்தை ஒட்டிவிடும். ஆங்கில வழியில் படித்தவர்கள் 'ஸ', 'ட' என்று பின்னால் அகரத்தை ஒட்டுவார்கள். 'இஸ்-இ-இட்' என்றோ 'ஸ-இ-ட' என்றோ எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'சிட்' வராது. குழந்தைக்குக் கூட்டத் தெரியவில்லை என்ற புகார் பல நேரம் சொல்லிக் கொடுப்பவரின் வாயில்தான் தொடங்குகிறது. எஸ், எம், என், எஃப் போன்றவற்றை ஒரே மூச்சில் இழுக்கலாம்: 'ஸ்ஸ்ஸ்இஇட்'. ஆகவே கூட்டிப் படிப்பதை இழுக்க முடிந்த ஒலியில் தொடங்கும் சொற்களில் ஆரம்பியுங்கள். 'டிப்', 'பிட்' எல்லாம் சில நாள் கழித்து வரட்டும்.

நாளுக்கு ஒரு ஒலி, ஒன்பது வாரத்தில் 42 என்பது இத்தொகுப்பின் கணக்கு. ஆங்கிலம் வீட்டில் புழங்காத குழந்தைக்கு இது ஓட்டப்பந்தயம். வாரத்துக்கு மூன்று போதும்.

இனி குறைக்கு வருவோம். இத்தொகுப்பு ஐந்து திறன்களை முன்வைக்கிறது: ஒலியை அறிதல், எழுத்தை எழுதுதல், கூட்டிப் படித்தல், சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்தல், விதிக்கு அடங்காத 'டிரிக்கி' சொற்கள். படித்தது புரிகிறதா என்பது இந்த ஐந்தில் இல்லை. காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் முன்வைத்த மாதிரி, வாசித்துப் புரிதலை ஒரு பெருக்கலாகப் பார்க்கிறது: எழுத்தைப் படிக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரியும் திறன். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

'எ ஹென் இஸ் இன் தி பென்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். குழந்தை பிசிறில்லாமல் படித்துவிடும். எங்கே இருக்கிறது கோழி என்று கேளுங்கள். பேனாவுக்குள் என்று பதில் வரலாம், அல்லது பதிலே வராது. 'பென்' என்ற சொல்லுக்குப் பட்டி, அடைப்பு என்ற பொருளும் உண்டு என்று குழந்தைக்குத் தெரிய வழியில்லை. படிப்பதற்கு முன் இப்படிப்பட்ட இரண்டு மூன்று சொற்களைப் படம் காட்டித் தமிழில் விளக்கிவிட்டால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகும் சிக்கல் இது.

இருபது நிமிட வகுப்பு என்றால் பத்து நிமிடம் ஒலிக்கும் கூட்டலுக்கும், பத்து நிமிடம் நீங்கள் கதை வாசித்துக் காட்டிப் பேசுவதற்கும் ஒதுக்குங்கள். முதல் நாளிலிருந்தே. 42 ஒலியும் முடியட்டும், அப்புறம் அர்த்தம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், வாசிப்பு என்பது சத்தமாக ஒப்பிப்பது என்றே குழந்தை முடிவுகட்டிவிடும். நீங்கள் வாசிக்கும் கதை குழந்தையால் படிக்க முடிவதைவிடக் கடினமாக இருக்கலாம், தமிழிலும் இருக்கலாம். யார், என்ன சிக்கல், எப்படித் தீர்ந்தது என்று திருப்பிச் சொல்ல வையுங்கள். ஆங்கிலக் கதைக்கும் தமிழில் பதில் சொன்னால் தவறே இல்லை, சோதிப்பது புரிதலைத்தானே.

குழந்தை தானே படிக்கும் புத்தகத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அது இப்போதைக்கு வேண்டாம். படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கிறதா? படத்தைக் கையால் மறைத்து, விரலை இடமிருந்து வலமாக நகர்த்திப் படிக்க வைத்து, பிறகு படத்தைக் காட்டுங்கள். திணறும்போது நடுவில் கேள்வி கேட்காதீர்கள். வாக்கியத்தை ஒருமுறை கூட்டி முடித்ததும், அதையே சரளமாக மறுபடி படிக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

வாங்குவதானால் ஏழு பயிற்சிப் புத்தகங்களே போதும், தொகுதிக்கு ஒன்று. விரலால் தடவிப் பழகும் அட்டைப் புத்தகங்கள் அழகுதான், கட்டாயமில்லை. தனி எழுத்துப் பதிப்பு, எழுத்துகளை இணைத்து எழுதும் கூட்டெழுத்துக்குப் (கர்சிவ்) பழக்கும் பதிப்பு என்று இரண்டு வகை விற்கிறார்கள். பள்ளியில் எப்படி எழுத வைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சரளமாகப் படித்தும் கதை சொல்லத் தெரியாத ஏழு வயதுக் குழந்தைக்கு இத்தொகுப்பை வாங்காதீர்கள். அந்தக் காசுக்குக் கதைப் புத்தகங்கள் வாங்கி உடன் உட்கார்ந்து பேசுங்கள்.