நதியாவா, ரூபியா?

இருவரும் 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி பேக்கிங் போட்டியின் கூடாரத்திலிருந்து வந்தவர்கள். 2015இல் பட்டம் வென்ற நதியா ஹுசைன், மறு ஆண்டே எலிசபெத் அரசியின் 90ஆவது பிறந்தநாளுக்கு ஆரஞ்சு கேக் செய்தார். பிறகு பிபிசி நிகழ்ச்சிகள், சமையல் நூல்கள். கேக் பதமாக வர வேண்டுமா, அவரிடம் போகலாம்.

2013 இறுதிச்சுற்றில் பட்டத்தைத் தவறவிட்ட ரூபி டாண்டோ வேறு ரகம். அப்போது தத்துவ மாணவி, பேனாவை எடுத்தால் தயவு தாட்சண்யம் கிடையாது. பதப்படுத்தாத, 'தூய' உணவை மட்டுமே உண்ண வேண்டும் என்ற 'சுத்தமான உணவு' (clean eating) மோகத்தை 2016இல் வெளுத்து வாங்கினார். ஆரோக்கியம் என்ற போர்வையில் ரொட்டியையும் சர்க்கரையையும் கண்டு அஞ்ச வைக்கிறார்கள் என்பது அவர் வாதம். உண்ணுதல் கோளாற்றைத் தாமே அனுபவித்தவர் என்பதால் அதில் சூடு இருக்கிறது. சில இடங்களில் காரம் கூடுதல்தான். ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தால், என் தேர்வு ரூபிதான்.