ஏஎம்ஆர், ஜிஎம்ஆர், டிஎம்ஆர்: ஹார்ட் டிஸ்க்கைப் படித்த மூன்று உணரிகளும் ஸ்டுவர்ட் பார்கினும்

ஹார்ட் டிஸ்க்கில் பிட் சிறுக்கச் சிறுக்க அதிலிருந்து கசியும் காந்தப்புலமும் மெலிந்துகொண்டே போகும். தட்டின் மேலே மிதந்தபடி அந்தப் புலத்தைப் படிக்கிற பாகம்தான் ஹெட், பழைய ஹெட்டில் இருந்தது கம்பிச்சுருள். புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அந்த அளவுக்குத்தான் அது சிக்னல் தரும், அதனால் தட்டு சின்னதாகி ஓட்டம் மெதுவானால் சிக்னலும் படுத்துவிடும். புலத்தையே நேரடியாக அளக்கிற உணரி தேவைப்பட்டது.

முதலில் வந்தது ஏஎம்ஆர் (அனைசோட்ராபிக் மேக்னெட்டோரெசிஸ்டன்ஸ்). காந்தம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து உலோகத்தின் மின்தடை கொஞ்சம் மாறும் என்பதை லார்ட் கெல்வின் 1857-லேயே பார்த்துவிட்டார். ஐபிஎம் அதை டிஸ்க்கில் வைத்து விற்றது 1991-ல். எளிமையான சமாச்சாரம், ஒரே ஒரு மெல்லிய படலம். ஆனால் தடை மாறுவது சுமார் 2 சதவீதம்தான், அதற்குமேல் கறக்க முடியாது.

அடுத்தது ஜிஎம்ஆர் (ஜயன்ட் மேக்னெட்டோரெசிஸ்டன்ஸ்): காந்த அடுக்குகள் ஒரே பக்கம் பார்த்தால் தடை குறையும், எதிரெதிரே பார்த்தால் கூடும். 1988-ல் பிரான்ஸில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இரும்பு, குரோமியம் என்று மாற்றி மாற்றி அடுக்கிய படலங்களில் ஃபெர்ட் குழுவுக்குத் தடை கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. கேட்க அபாரமாக இருக்கும், ஆனால் அது திரவ ஹீலியம் குளிரில், சுமார் 2 டெஸ்லா புலத்தில் கிடைத்த எண். டிஸ்க்கிலிருந்து கசிவது அதில் மிகச் சொற்பம்.

இங்கேதான் கலிஃபோர்னியாவில் ஐபிஎம் அல்மடென் ஆய்வகத்தில் இருந்த இயற்பியலாளர் ஸ்டுவர்ட் பார்கின் வருகிறார். முதலில் கண்டவர்கள் படலங்களை மெதுவாக, விலை உயர்ந்த கருவியில் வளர்த்தார்கள். இவர் தொழிற்சாலைகளில் புழங்குகிற ஸ்பட்டரிங் முறையிலேயே (அயனிகளை மோதவிட்டு உலோக அணுக்களைத் தெறிக்கவைத்துப் படலம் போடுவது) செய்து பார்த்தார், வேலை செய்தது! வேகமாகச் செய்ய முடிந்ததால் உலோகத்தை மாற்றி, தடிமனை மாற்றி ஏகப்பட்ட மாதிரிகளைச் சோதித்தார். நடு அடுக்கின் தடிமனைக் கூட்டிக்கொண்டே போனால் இரு காந்த அடுக்குகளும் ஒரே பக்கம் பார்ப்பதும் எதிரெதிரே திரும்புவதும் மாறி மாறி வருகிறது என்று 1990-ல் காட்டியது அப்படித்தான்.

அதே ஆய்வகத்தில் பெர்னார்ட் டியெனி, வர்ஜில் ஸ்பெரியோசு, ப்ரூஸ் கர்னி ஆகியோரோடு அவரும் சேர்ந்து செய்ததுதான் ஸ்பின் வால்வு என்ற ஜிஎம்ஆர் உணரி. இரண்டு காந்த அடுக்கு, நடுவில் செம்பு மாதிரி ஓர் உலோகம். ஒரு காந்த அடுக்கைத் திரும்பவிடாமல் பூட்டிவிடுவார்கள், இன்னொன்று லேசாகத் தொட்டாலே திரும்பும். சதவீதத்தில் பார்த்தால் ஃபெர்ட்டின் எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது, ஆனால் துளிப் புலத்திலேயே, சாதாரண அறை வெப்பத்திலேயே கிடைக்கும். ஹெட்டுக்கு வேண்டியது அதுதானே! ஐபிஎம் 1997-ல் இதை வைத்து 16.8 ஜிபி டெஸ்க்ஸ்டார் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது.

மூன்றாவது டிஎம்ஆர் (டனல் மேக்னெட்டோரெசிஸ்டன்ஸ்). நடுவில் உலோகத்துக்குப் பதில் மின்கடத்தாப் படலம், எலக்ட்ரான் அதற்குள் சுரங்கம் போட்டுப் போகும். 2004-ல் மெக்னீசியம் ஆக்ஸைடை வைத்து பார்கின் குழுவும் ஜப்பானில் யுவாசா குழுவும் அறை வெப்பத்தில் 200 சதவீதத்தை ஒட்டிய மாற்றம் காட்டினார்கள். ஜிஎம்ஆர் ஹெட்டெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. சிக்கல் என்னவென்றால் உணரி சிறுக்கச் சிறுக்க மொத்தத் தடை எகிறும், இரைச்சலும் கூடும், அதனால் அந்தப் படலத்தை ஒரு நானோமீட்டர் அளவுக்கு, ஓட்டை விழாமல் போட்டாக வேண்டும். அதையும் சாதித்தார்கள், இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளில் இருப்பது இதுதான்.

எண்ணை வைத்துப் பார்த்தால் டிஎம்ஆருக்குத்தான் முதலிடம். ஆனாலும் என் ஓட்டு ஸ்பின் வால்வுக்கே, ஏனென்றால் பூட்டிய அடுக்கு, திரும்பும் அடுக்கு என்ற அந்த அமைப்பைத்தான் டிஎம்ஆர் ஹெட்டும் அப்படியே எடுத்துக்கொண்டது. 2007 நோபல் ஃபெர்ட்டுக்கும் க்ரூன்பெர்க்குக்கும் போனது, கண்டுபிடிப்புக்கு என்றால் சரிதான். பார்கினுக்கு 2014-ல் பின்லாந்தின் மில்லேனியம் பரிசு கிடைத்தது. தட்டைச் சுழற்றாமல் நானோ கம்பிக்குள் பிட்டுகளையே ஓட்டும் ரேஸ்ட்ராக் நினைவகம் என்று இன்னொன்றையும் பல வருடங்களாகத் துரத்திக்கொண்டிருக்கிறார், அது இன்னும் கடைக்கு வரவில்லை.