வாக்குத்தத்த அட்டை: வாங்குமுன் வசனத்தின் மீதியையும் பாருங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், மணி பன்னிரண்டைத் தாண்டியதும் தட்டில் வைத்து நீட்டப்படும் அந்தச் சின்ன வாக்குத்தத்த அட்டைக்காகவே, அதாவது புது வருஷத்துக்குக் கடவுள் தரும் வாக்குறுதியாக ஒரு வேத வசனத்தைத் தாங்கிய அட்டைக்காகவே, கோயிலுக்கு வருகிறவர்கள் உண்டு. ஏ.டி.எம். கார்டு அளவு. முன்பக்கம் பூ, அருவி அல்லது சூரிய உதயம், அதன்மேல் ஒரு வசனம். பின்பக்கம் வருஷ நாட்காட்டி அல்லது சபையின் முகவரி. கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். சபைப் பெயரைப் போட்டு அச்சகத்தில் அடித்தும் வாங்கலாம். இதே வசனங்கள் வாக்குத்தத்தப் பெட்டியாகவும் (வசனச் சீட்டுகள் அடங்கிய பெட்டி), தினமும் கிழிக்கிற நாட்காட்டியாகவும், ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தமாகவும், காலையில் வாட்ஸ்அப்பில் வரும் படமாகவும் வருகின்றன.

அச்சு வேலையில் பெரிய குறை சொல்ல முடியாது. தடித்த 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டில் அடித்து, லேமினேஷன் போட்டு, முனையை வளைத்து வெட்டியிருந்தால் பர்சுக்குள் ஒரு வருஷம் தாராளமாகத் தாங்கும். முனை கூராக இருந்தால் லேமினேஷன் அங்கேதான் முதலில் பிரியும். படத்தின்மேலேயே மஞ்சள் எழுத்தில் வசனத்தை அடிப்பதுதான் எரிச்சல். வயதானவர்களால் வாசிக்கவே முடிவதில்லை.

உண்மையான குறை வசனத்தை வெட்டுகிற இடத்தில் இருக்கிறது.

அட்டைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வசனம் ஏசாயா 58:11 (வேதாகமத்தில் ஏசாயா புத்தகம், 58ஆம் அதிகாரம், 11ஆம் வசனம்). 'கர்த்தர் நித்தமும் உன்னை நடத்தி, மகா வறட்சியான காலங்களில் உன் ஆத்துமாவைத் திருப்தியாக்கி' என்று தொடங்கி, 'வற்றாத நீரூற்றைப்போலவும் இருப்பாய்' என்று முடியும். அட்டையில் அது ஒரு வாழ்த்துச் செய்தி மாதிரி இருக்கிறது. வேதாகமத்தில் அந்த அதிகாரம் கண்டனத்தோடு தொடங்குகிறது. ஜனங்கள் உபவாசம் இருக்கிறார்கள், நாணலைப்போல் தலை வணங்குகிறார்கள், துக்கத்துக்கு அடையாளமான இரட்டுத் துணியும் சாம்பலும் விரிக்கிறார்கள். நாங்கள் உபவாசிக்கிறோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று கடவுளையே கேட்கிறார்கள். அதே உபவாச நாளில் வேலையாட்களைப் பிழிகிறார்கள், வழக்கும் வாதும் அடிதடியும் நடக்கிறது. தமக்குப் பிரியமான உபவாசம் எது என்று 6, 7 வசனங்களில் கர்த்தர் சொல்லுகிறார்: நெருக்கப்பட்டவர்களை விடுவிப்பது, பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வது, வீடில்லாதவனைச் சேர்த்துக்கொள்வது, உடுப்பில்லாதவனுக்கு உடுத்துவது.

பத்தாம் வசனத்தில் 'சிறுமைப்பட்ட ஆத்துமாவைத் திருப்தியாக்கினால்' என்று நிபந்தனை வருகிறது. அடுத்த வசனத்தில் 'உன் ஆத்துமாவைத் திருப்தியாக்கி' என்று வாக்குத்தத்தம் வருகிறது. இரண்டு இடத்திலும் ஒரே சொல். அவன் வயிற்றை நீ பார், உன் ஆத்துமாவை நான் பார்க்கிறேன் என்கிற பேச்சு அது. அட்டை 11ஐ மட்டும் வெட்டி எடுக்கும்போது, வெளிவேஷ பக்தியை உடைக்க வந்த அதிகாரமே வெளிவேஷ பக்திக்கு அலங்காரமாகிவிடுகிறது. வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு டிசம்பர் சம்பளத்தை இழுத்தடிக்கிற வீட்டிலும் இந்த அட்டையை ஃபிரேம் போட்டு மாட்ட முடிகிறது என்றால், அட்டை தன் வேலையைச் செய்யவில்லை.

உபாகமம் 28:13க்கும் இதே கதிதான். 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்பதை மாணவர்களும் வியாபாரிகளும் விரும்பி வாங்குகிறார்கள். அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14க்குள் முடிந்துவிடும். மீதி 54 வசனங்களும் கீழ்ப்படியாமற்போனால் வரும் சாபங்கள். 44ஆம் வசனத்தில் தலையும் வாலும் இடம் மாறி, அந்நியன் தலையாகிறான், நீ வாலாகிறாய். அதை அச்சடிக்க ஆள் இல்லை.

எரேமியா 29:11 இன்னொரு உதாரணம். 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்பது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷக் கணக்கு இருக்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் அந்த முடிவைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், சிறைப்பட்டுப்போன பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள் என்று மேலே எழுதியிருக்கிறது. முந்தைய அதிகாரத்தில் அனனியா, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று சொல்லிக் கள்ளத் தீர்க்கதரிசியானான். 29:11ஐ 'இந்த வருஷமே' என்று பிரசங்கிக்கிறவர்கள் எரேமியாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைச் சொல்லுகிறார்கள்.

வசனத்தைத் தனியே வெட்டி எடுப்பதில் எவ்வளவு ஆபத்து என்பதை மத்தேயு 4:6 காட்டுகிறது. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவைச் சோதிக்கப் பிசாசு எடுத்துச் சொன்னது 91ஆம் சங்கீதத்து வாக்குத்தத்தம். உபாகமத்திலிருந்து மறுவசனம் சொல்லித்தான் இயேசு அதை மறுத்தார்.

வாக்குத்தத்தப் பெட்டியில் சிக்கல் இன்னும் கூடுதல். கையை விட்டு ஒன்றை உருவுவது, பிடிக்காவிட்டால் திரும்பப் போட்டு இன்னொன்றை உருவுவது. கிளி எடுக்கும் சீட்டுக்கும் இதற்கும் அப்போது வித்தியாசமில்லை. பெட்டியில் கண்டிக்கிற வசனம் ஒன்றுகூட இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

சீட்டுப் போட்டு வசனம் எடுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையார் 1728 முதல் நாளுக்கொரு வசனம் என்று பகிர்ந்துவந்தார்கள்; 1731 முதல் வருஷந்தோறும் அது புத்தகமாக அச்சாகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். ஆனால் அதை அப்படியே கையில் கொடுத்துவிடுவதில்லை. அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆள் உட்கார்ந்து தேடிச் சேர்த்து, ஒரு ஜெபத்தையோ பாட்டின் அடியையோ கீழே வைக்கிறார்கள். ஒரு வசனத்தை இன்னொரு வசனம் காவல் காக்கும் இந்த அமைப்பு நம் அட்டைகளில் இல்லை.

பிலிப்பியர் 4:13 கிடைத்தவர்களும் ஒரு வரி மேலே பார்க்க வேண்டும். 'எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்று எழுதிய பவுல் அப்போது காவலில் கட்டுண்டிருந்தவர். அதற்கு முந்தின வசனத்தில், பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லுகிறார். பரீட்சை ஹால் டிக்கெட்டோடு ஒட்டிவைக்கும் வசனம் அல்ல அது.

அட்டையை வாங்கியாயிற்று என்றால், அன்றைக்கே அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். பெரும்பாலும் பத்து நிமிஷம் போதும். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். பிறகு 'ஆல்' என்று முடியும் வினைகளைத் தேடுங்கள்: செவிகொடுத்தால், அகற்றினால், திருப்தியாக்கினால். தமிழ் வேதாகமத்தில் நிபந்தனை பெரும்பாலும் அந்த ஒற்றை விகுதியில்தான் ஒளிந்திருக்கும். 'ஆகையால்' என்று தொடங்கும் வசனம் கிடைத்தால் மேலே ஒரு பத்தி ஏறிப் பார்க்காமல் விடவே கூடாது. நிபந்தனை இல்லாத வசனங்களும் உண்டு. ஏசாயா 41:10 அப்படிப்பட்டது. அதை அப்படியே நெஞ்சில் அணைத்துக்கொள்ளலாம். நோயாளியின் தலையணைக்கு அடியில் அந்த அட்டை இருந்தால் அது சரியான இடம்தான்.

அதன்பின் ஒரு பேரும் ஒரு காரியமும் எழுதிக்கொள்ளுங்கள்: யாருக்கு, என்ன செய்யப்போகிறேன் என்று. பேசாமலிருக்கும் அண்ணன், தரவேண்டிய கடன், பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் விதவை. யாக்கோபு 1:22, 'கேட்கிறவர்களாய்மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்' என்கிறது. மாத முதல் தேதி வாக்குத்தத்த ஆராதனைக்குப் போகிறவர்கள் புது வசனம் வாங்குமுன், போன மாதம் எழுதிய காரியத்தை முடித்து அந்தப் பேரைக் கோடு போட்டு அடித்துவிட முடிந்ததா என்று பார்க்கலாம்.

சபைக்காக ஆர்டர் கொடுக்கும் ஐயர்மாரும் (சபைப் போதகர்கள்) செயலரும் அச்சு வேலையில் மூன்று காரியம் கவனியுங்கள். வசன எண்ணுக்குக் கீழே 'முழு அதிகாரமும் வாசிக்க' என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். புரூஃப் (அச்சுக்கு முந்தின சரிபார்ப்புப் பிரதி) வந்ததும் வசன எண்களை வேதாகமத்தோடு ஒத்துப் பாருங்கள். எழுத்துப் பிழையைவிட எண் பிழைதான் கண்ணில் படாமல் தப்பிக்கும். லேமினேஷனை முன்பக்கம் மட்டும் போடச் சொல்லி, பின்பக்கம் வழுவழுப்பில்லாத வெற்று அட்டையாக விடச் சொல்லுங்கள். பளபளப்பான பக்கத்தில் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், மை அழியும். அந்தப் பேரை எழுத இடம் வேண்டும்.